உள்பக்கம் திருப்பிய சட்டை

திருவொற்றியூர் கடற்கரையில் செக்கிங் அக்கா முதலில் கவனித்தது சுண்டல் விற்றவரின் பனியனைத்தான். "கழுத்துப்பட்டி கோணிக் கெடக்குது பாரு கண்ணு, இதையெல்லாம் எவ பாஸ் பண்ணி உட்டாளோ" என்றார். எதிரே அவ்வளவு பெரிய கடல் இரைந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்து நின்ற எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

எங்கள் ஊரான மண்ணரையில் நாங்கள் வேலை பார்த்த பனியன் கம்பெனி, குழந்தைத் துணிகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. தைத்ததைப் புரட்டிக் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் பகுதிக்கு அக்காதான் தலைமை. நான் அவருக்குக் கீழே இருந்தேன். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு பிசிறுகூட வெளியே போகாது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரைத் திருப்பிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அப்படிப்பட்டவரின் ஒரே மகள், சரக்கு ஏற்ற வந்த கன்டெய்னர் லாரி டிரைவரோடு திருவொற்றியூருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். "எத்தனையோ பீஸப் பாத்தேன், ஊட்டுல இருந்ததப் பாக்காம உட்டுட்டேன்" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. இரண்டு வருடம் அவள் பேச்சையே எடுக்கவில்லை.

பேரன் பிறந்த செய்தி வந்ததும் அந்த வைராக்கியம் ஆட்டம் கண்டது. பொங்கலுக்கு லீவு விட்டவுடன் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ரயிலேறினார். கேட்டவர்களிடமெல்லாம் கோயில் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அது பொய்யாகிவிடக் கூடாதென்று, காலையில் அந்த ஊரிலிருந்த பழைய சிவன் கோயிலைப் பிரகாரம் பிரகாரமாகச் சுற்றினோம். "கொழந்தையப் பாத்ததும் கெளம்பீரலாம். அவன் ஊட்டுப்படி மிதிக்க மாட்டேன்" என்று கோயில் வாசலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். அதனால்தான் மகளைக் கடற்கரைக்கு வரச் சொன்னோம்.

அலை அரிக்காமலிருக்கக் கொட்டியிருந்த பாறைகளின் பக்கம் அவர்கள் வந்தார்கள். மகளுக்கு வாய் திறக்கப் பயம். குழந்தை மருமகன் கையில் இருந்தது. அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை மட்டும் வாங்கினார். பழக்கதோஷத்தில் கை சட்டை ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. சட்டையின் உள்பக்கம் வெளியே தெரிந்தது.

"ஏம்புள்ள, கொழந்தைக்கு ஒரு சட்டை ஒழுங்காப் போடத் தெரியலியா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மருமகன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான்தான் போட்டேன் அத்தே. உள்ளார இருக்கிற தையலு குத்தி கொயந்தைக்கு ஒடம்பு செவந்துபோவுது. அதான் தெனமும் திருப்பிப் போட்டுடறேன்."

அக்கா சட்டையைத் தூக்கி, குழந்தையின் விலாவை விரலால் தடவினார். துணியை வாங்குகிறவர் கண்ணுக்கு எது தெரியும் என்றுதான் நாங்கள் அத்தனை வருடமும் பார்த்திருந்தோம். போட்டுக்கொள்கிற குழந்தைக்கு எது குத்தும் என்று ஒருவருமே பார்த்ததில்லை. இப்போது நானே சிறியதாக ஒரு யூனிட் வைத்துக் குழந்தைத் துணி தைக்கிறேன். எந்தச் சட்டையையும் கன்னத்தில் தேய்த்துப் பார்க்காமல் மடிக்க விடுவதில்லை.

அன்று அக்கா சட்டையைத் திருப்பாமல் அப்படியே இழுத்துவிட்டார். பிறகு முந்தானையைக் குழந்தையின் தலைக்கு மேலே பிடித்தபடி முதன்முறையாக மருமகனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஊடு எவ்வளவு தூரமுங்க மாப்பிள்ளை? வெயில் ஏறுதுங்க, கொழந்தைக்கு ஆகாது."

பதிலுக்குக் காத்திராமல், வழி தெரியாத அந்த ஊரில் எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.