கோயில் தந்த நற்சான்று

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். வழக்கில் மாட்டிய இளைஞர்களைப் பற்றி விசாரித்து, கண்டி நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது என் வேலை. சிங்களத்திலும் தமிழிலும் எழுதுவேன். என் அறிக்கையை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

ஒன்றை மட்டும் நானே திரும்பக் கேட்டேன்.

பிலிமத்தலாவையில் ஒரு கடையில் வேலை பார்த்த பத்தொன்பது வயதுப் பையன், அங்கேயே திருடி மாட்டிக்கொண்டான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவனுடைய அம்மா, கோயில் தலைவரிடம் நற்சான்றுக் கடிதம் வாங்கி வந்தார். ஒழுக்கமானவன், வெற்றிலைகூடப் போடாதவன் என்று எழுதி, அடியில் ஊதா முத்திரை. எங்கள் பக்கம் வேலைக்கும் கலியாணத்துக்கும் வழக்குக்கும் இந்தக் கடிதம்தான் முதலில் போகும். முத்திரை குத்திய தாளுக்கு எழுந்து நிற்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். பையனைப் பார்க்காமலே ‘போதைப் பழக்கம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அறிக்கையோடு சேர்க்கும் படிவத்தில் அவன் கையொப்பம் ஒன்று குறைந்தது. அதற்காகக் குண்டசாலை பஸ்ஸில் ஏறி, வழக்கு முடியும்வரை அவனை அடைத்திருந்த விளக்கமறியல் சிறைக்குப் போனேன். மூக்கு ஒழுக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் என்றார் காவலர். அது காய்ச்சல் இல்லை, போதை கிடைக்காத உடம்பு படும் பாடு என்று எனக்குத் தெரிந்தது.

“எத்தனை மாசமா தூள் அடிக்கிற?”

“ஒரு வருசம் மிஸ்.” என் கோப்பில் இருந்த நற்சான்றுக் கடிதத்தை வாங்கிப் படித்தான். “இதுல இருக்கிறவன் ரொம்ப நல்லவன். எனக்கே பொறாமையா இருக்கு.” சிரிக்கப் போய்க் குமட்டினான். “என்னை மருந்துக்கு அனுப்புங்க மிஸ். வெளிய விட்டா திரும்ப அடிப்பேன்.”

பழக்கம் இல்லாதவனை எந்த நீதவானும் சிகிச்சைக்கு அனுப்ப மாட்டார். நேரே சிறைதான்.

அறிக்கையைத் திரும்பக் கேட்டதும் மேலதிகாரி முகம் சுளித்தார். “கையெழுத்துப் போட்டதை மாத்தினா ஆபிஸ் பேர் கெடும்.”

“அடியில இருக்கிறது என் பேர் சார். தப்பும் என்னோடதுதான்னு எழுதித் தாறேன்.”

அம்மாவுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

“படிச்ச புள்ளை, நம்ம ஆளுன்னு நம்பி வந்தேனே! கோர்ட்ல இதைச் சொன்னா அவன் தங்கச்சியை யாரு கட்டுவா?”

“சொல்லாட்டி ஜெயிலுக்குப் போவான்மா. அங்க மருந்து கிடைக்காது. வந்ததும் திரும்பத் தூள்தான்.”

அவர் எழுந்து போய்விட்டார். நான் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.

வழக்கு நாளில் அவன் அம்மா வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகனுக்குப் பழக்கம் இருக்கிறதா என்று நீதவான் கேட்டார். அந்த அம்மா எழுந்து, மண்டபத்துக்கே கேட்கிற குரலில், “இருக்குங்க ஐயா” என்றார். சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை நிலையம் என்று உத்தரவானது.

வெளியே வந்ததும் என்னிடம் கை நீட்டினார்.

“அந்தக் கடிதத்தைக் குடுங்க மிஸ்.”

“இனி எதுக்கும்மா?”

“அவன் சொகமாகி வரட்டும். தலைவர்கிட்ட தேதியை மட்டும் மாத்தி வாங்கிக்கிறேன்.”

கொடுத்தேன். நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தார்.