கழுகுமலைக்கு ஞானம்மாள் சொன்ன வழி

கழுகுமலைக் கோயிலுக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தப் பதிவு பாதிதான் உதவும். ஐப்பசிக் கடைசியில் நான் கிளம்பியது ஞானம்மாளைப் பார்க்க. அது அவள் நிஜப் பேர் இல்லை. ஊர்ப் பேரையும் சொல்ல மாட்டேன்.

தீப்பெட்டி ஆலைப் பெண்களின் மூச்சுத் தொந்தரவைப் பற்றி ஆய்வு செய்தேன். எல்லோரையும்விட மனம்விட்டுப் பேசியவள் அவள்தான். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றியவள். அறிக்கை வெளிவந்ததும், பேசியது யார் என்று ஆலையில் துருவுகிறார்களாம். அவளோ போனை எடுக்கவில்லை. "ஆய்வு முடிஞ்சாச்சு, தேடிப் போகாதே" என்றார் என் பேராசிரியர். சொல்லிவிடலாம் சார், எனக்கல்லவா இருப்புக்கொள்ளவில்லை!

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை இருபது கிலோமீட்டர் சொச்சம். பாதி வழியில், அவள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். முந்தின நாள் மழையில் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு ஆட்டோ ஊர்ந்தது. வேலைக்குப் போகுமுன் அவளைப் பிடித்துவிடலாம் என்று காலையிலேயே போனேன் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டேன். ஊருக்குள் ஆலை வேன் நின்றது. சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஏறலாம். கூப்பிடாவிட்டால் வேலை போயிற்று என்று அர்த்தம்.

"இப்ப இறங்காதிய" என்றார் ஆட்டோக்கார அண்ணாச்சி. அதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

வரிசையின் கடைசியில், தூக்குவாளியோடு ஞானம்மாள். அவளை இன்னும் கூப்பிடவில்லை. என்னைப் பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

"யாரும்மா நீங்க? யாரைப் பாக்க வந்திருக்கிய?" என்றார் சூப்பர்வைசர்.

அவள் பேர் வாய்வரை வந்துவிட்டது.

"கோயிலுக்கு வந்தவிய போல" என்றாள் ஞானம்மாள். "வழி தப்பிட்டியளாக்கா? வந்த வழியே திரும்பிப் போயி விலக்குல நில்லுங்க. அங்கன கழுகுமலை பஸ் வரும். இங்கன ஒண்ணுமில்ல."

"ஆமாம்மா, தப்பிட்டேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவள் பேரைச் சொன்னார். "ஏட்டி, ஏறு."

வேன் போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அந்தம்மாவத் தெரியுமோ?" என்றார் அண்ணாச்சி.

"தெரியாது" என்றேன். அவள் சொன்னபடியே விலக்கில் பஸ் ஏறி, கழுகுமலை வரைக்கும் அழுதேன்.

போகிறவர்கள் காலையிலேயே மலை ஏறிவிடுங்கள், வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும். தண்ணீர் கொண்டுபோங்கள். என்னைப் போல ஆய்வுக்குப் போகிறவர்கள், பாசம் பொங்குகிறது என்று, நம்மிடம் பேசியவர்கள் வாசலில் போய் நிற்காதீர்கள். நமக்குத் திரும்பி வர ஒரு ஊர் இருக்கிறது.

என் நம்பரை அவள் அழித்திருக்க வேண்டும் என்று கோயிலில் வேண்டிக்கொண்டேன். வேண்டிவிட்டு, திரும்பும் பஸ்ஸில் கோவில்பட்டி வரைக்கும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.