காற்று பிரிந்ததா என்ற கட்டம்

என் மனைவிக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. காரைக்காலிலேயே ஒரு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்து, கறுத்துப்போன ஒரு முழத்தை வெட்டியெடுத்து, மீதியைச் சேர்த்துத் தைத்தார்கள். கை பட்ட குடல் சில நாள் அசையாமல் கிடக்கும், அது விழித்ததற்கு அடையாளம் காற்று பிரிவதுதான், அதுவரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கூடாது என்றார் அறுவை செய்த இளம் டாக்டர்.

குடலுக்குத் தனியாக ஒரு நரம்புப் பின்னல் உண்டாம். மூளை விரட்டலாம், தடுக்கலாம். சோற்றைத் தள்ளுவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் அதன் சொந்த முடிவு. எனக்கு உடனே விளங்கியது. முப்பத்தைந்து வருஷம் இந்த ஊரில் அரசாங்க வேலை பார்த்தவன் நான். உத்தரவு புதுச்சேரியிலிருந்து வரும். வேலை இங்கே எங்கள் இஷ்டப்படி நடக்கும், அல்லது நடக்காது.

கட்டிலில் தொங்கிய தாளில் 'காற்று பிரிந்ததா' என்று ஒரு கட்டம். மூன்று நாளாகக் காலி. காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

நாலாம் நாள் காலை டாக்டர் கேட்டார், என்னிடம். பெண்டாட்டியின் உடம்பைப் பற்றிய கேள்வி இங்கே புருஷனிடம்தான் வரும். நாற்பது வருஷமாக நானும் பதில் சொல்லித்தான் வந்திருக்கிறேன். அவளைப் பார்த்தேன். கூச்சத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கெடுவுக்குள் மறுப்பு வராவிட்டால் ஒப்புதல் என்று எழுதிப் பழகியவன். "ஆச்சுங்க" என்றேன்.

மூக்கு வழியாக வயிற்றுக்குள் விட்டிருந்த குழாயை எடுத்துவிட்டுக் கஞ்சித்தண்ணீர் கொடுத்தார்கள். மூன்று நாள் தாகம். அவள் மறுக்காமல் குடித்தாள். பிற்பகலில் வயிறு உப்பிப் பச்சையாக வாந்தியெடுத்தாள். தையல் விட்டுவிடுமோ என்று நர்ஸ் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"ஆச்சுன்னு யார் சொன்னது?"

மறுபடியும் குழாய் இறங்கியபோது அவள் என் கையைப் பிடிக்கவில்லை, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளும் டாக்டர், பழக்கதோஷம், என் பக்கமே திரும்பினார். மூக்கில் குழாயோடு அவள் பேசினாள்.

"என்னக் கேளுங்க தம்பி. அவங்களுக்கு எல்லா ரூலும் தெரியும். என் வயிறு தெரியாது."

அதற்கடுத்த நாள் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். குழாய் இல்லை. அவள் கரண்டியால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எப்போது ஆயிற்று என்று கேட்டதற்குத் தாளைக் கண்ணால் காட்டினாள். கட்டத்தில் நர்ஸின் கையெழுத்து இருந்தது. எடுத்துப் படித்துத் தெரிந்துகொண்டேன்.