கண்டல் சாயப் பாய்

இப்போதும் குளியலறையில் கால் கொஞ்சம் வழுக்கினால் இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். மழை பெய்த முற்றத்தில் இறங்கக்கூடப் பயம். மண்ணை வைத்துப் படம் செய்கிறவள் மண்ணுக்குப் பயப்படுவது பகிடிதான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

நான் படம் போடுவது பன் என்ற கோரையில் இழைத்த பாயில். கண்டல் மரத்துப் பட்டையை அவித்த தண்ணீரில் பாயை ஊறப்போட்டால் அது செம்பழுப்பாகும். அதில் வாவியின் கறுப்புச் சேற்றை வைத்தால், வைத்த இடம் கறுத்துவிடும். பிறகு சேற்றைக் கழுவலாம், கறுப்பைக் கழுவ முடியாது. விரல் தவறினால் தவறினதுதான். சேறும் அன்றைக்கு எடுத்த பச்சைச் சேறாக இருக்க வேண்டும், காய்ந்தது பிடிக்காது.

போன மாரியில் வெள்ளம் ஏறியதும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே உள்ள அந்த மணல்திட்டை வெட்டினால் வாவித் தண்ணீர் கடலுக்கு ஓடும், மூழ்கிக் கிடந்த கரை வெளியே தெரியும். நல்ல சேறு அகப்படுவது அப்போதுதான். மறுநாள் காலை என் பாய்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பில் ஒரு கண்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியவர் என் கணவர். ஒரு பாய்க்கு மட்டும் இன்னும் கறுப்பு வைக்கவில்லை. மண்டபத்தில் வைத்தே முடித்துவிடலாம் என்று வாவிக்கரையில் நிறுத்தச் சொன்னேன்.

“இறங்காத புள்ள. ஆறு இப்பதான் வத்தியிரிக்கி” என்றார். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது.

“எனக்குத் தெரியாத கரையா?” என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

தெரிந்த கரைதான். ஆவணியில் அங்கே மாடு மேய்ந்தது. நானே செருப்போடு நடந்து திரிந்து பட்டை சேர்த்த இடம். கண்டல் வேர் உள்ள இடத்தில் மட்டும் கால் வைக்க வேண்டும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வேருக்கு அப்பால் சேறு வெண்ணெய் போல மினுங்கியது. வெயிலில் மேலே ஆடை கட்டியிருந்தது, கொக்கு நடந்த தடமும் கிடந்தது. கொக்கின் பாரமும் என் பாரமும் ஒன்றா என்று யோசிக்கவில்லை. வெள்ளம் கொண்டுவந்த புது வண்டல் ஆவணித் தரையை மூடிவிட்டதையும் யோசிக்கவில்லை.

வேரை விட்டு இறங்கி, வாளியை நிரப்பிக்கொண்டு திரும்பியபோது முழங்கால் வரை போனது. ஒரு காலை இழுத்தேன், மற்றது தொடை வரை இறங்கியது. அதை இழுத்தேன், இடுப்பு வரை போய்விட்டேன். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. வாளியை எப்போது விட்டேன் என்று தெரியாது. கத்த வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை.

அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க வந்தார். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

“வராதீங்க. ரெண்டு பேரும் போனா புள்ளைக்கு ஆரு இரிக்கிற?”

எங்கள் ஒரே மகள் அந்த நேரம் ரியூசன் வகுப்பில் இருந்தாள். அவர் வேரின்மேல் நின்று என்னைப் பார்த்தார்.

“அசையாத. காலை இழுக்காத” என்றார். திரும்பி ஓடினார்.

முதுகைக் காட்டி ஓடுகிற மனிதரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆள் கூட்டிவர ஊருக்குள் போகிறார், வருவதற்குள் நான் இருக்கமாட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் பக்கத்துச் சேற்றில் வேறொரு தடத்தைக் கண்டேன். அகலமாக இழுபட்டு, நடுவில் வால் கீறின கோட்டோடு, தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. ஆறு வற்றினால் முதலை வெயில் காயக் கரைக்கு வரும். தண்ணீர் ஒரு தரம் குலுங்கியது. மீனாகவும் இருக்கலாம். மாமாங்கேஸ்வரரைக் கூப்பிட்டேன், மண்டூர் முருகனைக் கூப்பிட்டேன், செத்துப்போன அம்மாவையும் கூப்பிட்டேன்.

அவர் வந்தார். தோளில் என் பாய்கள். ஒவ்வொன்றாக உதறிச் சேற்றில் விரித்து, குப்புறப் படுத்து, அதன்மேல் ஊர்ந்து வந்தார்.

“படம் கீழ போகுது, திருப்பிப் போடுங்க” என்றேன். இடுப்பு வரை புதைந்து நின்றுகொண்டு சொன்னேன்.

“வாயப் பொத்துகா” என்றார்.

கடைசியாக, கறுப்பு வைக்காத பாயை என் இடுப்போடு ஒட்டி விரித்தார். “முன்னால சாஞ்சு படு. பாரத்தப் பாயில குடு.” சேறு பூசிய கைகளையும் மார்பையும் கன்னத்தையும் பாயில் வைத்தேன். அவர் என் கால்களைச் சுற்றிக் கையால் தோண்டினார். சேறு லேசில் விடவில்லை. அவர் கை ஒரு தரமும் நடுங்கவில்லை, எனக்குத்தான் பல் அடித்துக்கொண்டது. இரண்டு காலும் வெளியே வந்ததும் என்னைப் பக்கத்துப் பாய்க்குப் புரட்டிவிட்டார். அங்கிருந்து தவழ்ந்து கரை சேர்ந்தோம்.

கண்காட்சிக்குப் போகவில்லை. “சேறெடுக்கப் போனவளச் சேறே வச்சிக்கொள்ளப் பாத்திச்சி” என்று வழி நெடுகப் பகிடி பண்ணிக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதருக்குப் பயம் என்று ஒன்று இருக்காதா?

பின்னேரம் கிணற்றடியில் பாய்களைக் கழுவினேன். சேறு போனது. படங்களெல்லாம் கறுத்துப் பாழாகியிருந்தன. கடைசிப் பாயை மேல்பக்கம் தெரியக் கொடியில் போட்டபோது அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றார்.

பாயில் நான் இருந்தேன். பத்து விரல்கள், முழங்கைகள், மார்பு, ஒரு பக்கக் கன்னம், எல்லாம் கரிக் கறுப்பில். இடுப்போடு பாயின் ஓரம் வந்துவிட்டது.

“மிச்சம் எங்க?” என்றார்.

“சேத்துக்குள்ள” என்றேன்.

கோப்பை சரிந்து தேத்தண்ணி அவர் கையில் சிந்தியது. அதைக் கீழே வைத்துவிட்டு ஈரத்தரையிலேயே குந்தினார். என் இரண்டு கால்களையும் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் உடம்பெல்லாம் நடுங்கியது.

“விடுங்க, தேத்தண்ணி ஆறுது” என்றேன். அவர் விடவில்லை.