மூன்றாம் நாள் ஐஸ்

எங்கள் வீட்டில் ஒரு பொருளைக் கடையிலிருந்து கொண்டுவந்தால் அது பாதி வாங்கியதாகத்தான் அர்த்தம். ரசீதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி, வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்று நாலு நாள் பார்த்து முடிவு செய்தால்தான் மீதிப் பாதி. “ரசீது பத்திரமா இருந்தா இந்த ஊர்ல கட்டின மாப்பிள்ளையக்கூடத் திருப்பிக் குடுத்துடலாம்” என்பார் அப்பா. “உங்க ரசீத எங்கப்பா எங்க வெச்சாரோ தெரியலீங்களே” என்பாள் அம்மா. இந்தப் பேச்சும் பதிலும் நான் அறிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தன. எனக்கு ஒன்பது வயதான வருஷம், மே மாதத்தோடு அந்தப் பதில் நின்றுபோயிற்று. அப்பா மட்டும் இரண்டொரு தடவை தன் பங்கைச் சொல்லிப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார்.

அந்த மே மாதத்தில்தான் ஈரோட்டுப் பக்கத்தில் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, இறந்துபோனார். நாங்கள் அப்போது டெக்சஸில் பேர்லேண்டில் இருந்தோம். செய்தி வந்த அன்று அம்மா படுக்கையறை போனில் பேசினாள். நான் சமையலறை போனை மெல்ல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். இரண்டு போன் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் இருந்தே தீரும்.

“மூணு நாளுங்கண்ணா. டிக்கெட் போட்டாச்சு. மூணாவது நாள் சாயங்காலம் வந்துருவேன். அப்பாவுக்கு நான் வாய்க்கரிசி போடோணும். வெச்சிருங்க” என்றாள் அம்மா.

“ஐஸ் தாங்காது அம்மிணி” என்றார் மாமா. “வெயில் கொளுத்துது. பெட்டியில அடுக்க அடுக்கக் கரையுது. ஊரே வந்து திறந்து திறந்து பாத்துட்டிருக்குது, எப்படி நிக்கும் சொல்லு?”

“மாத்தி மாத்தி வெய்யுங்கண்ணா.”

மாமா பார்க்கலாம் என்றார். மறுநாள், இரண்டாம் நாளே எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. அம்மா டிக்கெட்டை ரத்து செய்தாள். போய் யாரைப் பார்க்கிறது என்று அப்பாவிடம் கேட்டாள். ஒட்டுக்கேட்ட எனக்கு இதில் புரியாத இடம் ஒன்றே ஒன்றுதான். ஐஸ் வேண்டும் என்றால் கடையில் போய் இன்னொரு மூட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே. எங்கள் தெருமுனைப் பெட்ரோல் பங்கில் கொட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு அம்மா சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. சமைத்தாள், துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் கார்டில் எண்களைத் தட்டி மாமாவோடு பேசினாள். நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான்.

அம்மாவை எங்கேயாவது வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அங்கிள் வேட்டைக்காரர். எழுபது வயது வெள்ளைக்காரரை அங்கிள் என்று கூப்பிடச் சொல்லி என்னைப் பழக்கியிருந்தார்கள், அவரும் பழகிக்கொண்டார். மான் வேட்டைக்காக அவர் குத்தகைக்கு எடுத்திருந்த காட்டு நிலம் ஐந்து மணிநேரத் தொலைவில் இருந்தது. நவம்பரில் குடும்பத்தோடு வாருங்கள், மூன்று நாள் கூடாரம் போடலாம், மான் விழுந்தால் உங்களுக்கும் பங்கு என்று அழைத்தார். இறைச்சியை ஐஸ் போட்டு வைக்க ஒரு நல்ல கூலர் வேண்டும், மலிவாக வாங்காதே, காட்டில் அது உன் மானத்தை வாங்கிவிடும் என்றும் அப்பாவிடம் சொல்லிவைத்தார்.

என் வகுப்பில் கேம்பிங் போகாத பிள்ளை நான் ஒருத்திதான் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. லீவு முடிந்து எல்லாரும் கூடாரம், ஆறு, மீன் என்று எழுதும்போது நான் வருஷா வருஷம் கோயிலைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே அந்தக் கூலரை அப்பாவைவிட நான்தான் அதிகம் விரும்பினேன்.

செப்டம்பரில், திங்கட்கிழமை வருகிற லேபர் டே லீவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஃப்ரீவே ஓரத்தில் இருந்த பெரிய வேட்டைச் சாமான் கடைக்குப் போனோம். வாசலில் பஞ்சடைத்த கரடி நின்றது. கூலர்கள் ஒரு சுவர் நீளத்துக்கு இருந்தன. தெர்மாகோல் பெட்டி முதல், சக்கரம் வைத்தது, மேலே தகடு போர்த்தியது, மீன்பிடி படகுகளில் வைக்கிற நீள வெள்ளைப் பெட்டி வரை. அப்பா ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் என்ஜினியர். ஒவ்வொன்றின் மூடியையும் தூக்கி, சுவர் எத்தனை விரல் கனம், ரப்பர் விளிம்பு சரியாக உட்காருகிறதா, தண்ணீர் வடிக்கும் திருகு கசிகிறதா என்று பார்த்தார். மேலே ஏறி உட்காரச் சொல்லி என்னை வைத்து மூடியின் பலத்தையும் சோதித்தார்.

அம்மா நேராக அந்த நீள வெள்ளைப் பெட்டியிடம் போய் நின்றாள். “இந்தப் பெட்டிங்க” என்றாள்.

“பெட்டி இல்ல, கூலர்” என்றார் அப்பா. அவர் யார் பேச்சையும் திருத்துகிறவர் இல்லை. அன்றைக்கு இரண்டு தடவை திருத்தினார்.

தொப்பி வைத்த கடைக்காரத் தாத்தா வந்தார். ஐந்து நாள் ஐஸ் நிற்கும் மேம் என்றார்.

“அஞ்சு நாள் வேண்டாம். மூணாவது நாள் சாயங்காலம் இருக்குமான்னு கேளுங்க” என்றாள் அம்மா. அப்பா கேட்டார். நிச்சயம் இருக்கும் என்றார் அவர்.

“வெயில் நூறு டிகிரி இருந்தா?”

நிழலில் வைத்தால் நிற்கும் என்றார்.

“ஆளுக வந்து வந்து திறந்து பாத்துட்டே இருந்தா?”

இதை அப்பா கேட்கவில்லை. அம்மாவே தன் இங்கிலீஷில் கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். உள்ளே இருக்கப்போவது மான்தானே மேம், அதை யார் வந்து வந்து பார்க்கப் போகிறார்கள் என்றார். நானும் சிரித்தேன். அம்மா கேட்கிற கேள்வியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்ததால், அவர் பக்கம் சேர்ந்து சிரித்துவிடுவது மரியாதை என்று பட்டது. அப்பா மட்டும் பெட்டியின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் வாங்கினோம். காருக்குள் அடங்காமல் டிக்கி திறந்தபடி கயிறு கட்டி வந்தது.

“மூணு நாள் வெச்சுப் பாக்கறேன்” என்றாள் அம்மா. “நிக்கலீன்னா செவ்வாக்கிழமை திருப்பிக் குடுத்துடலாம்.” அப்பா ரசீதை ஃப்ரிட்ஜில் ஒட்டினார்.

சனிக்கிழமை காலை கொல்லைப்புற நிழலில் பெட்டியை வைத்து, பங்கில் வாங்கிய நாலு மூட்டை ஐஸைக் கொட்டினார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டாள். “மணிக்கு ஒருக்கா மூடியத் திற கண்ணு. மனசுக்குள்ள நூறு எண்ணு. அப்புறம் மூடு. நான் பாக்க மாட்டேன். திங்கக்கிழமை சாயங்காலம்தான் வந்து பாப்பேன்.”

“ஏன் நூறு?” என்றேன்.

“ஒருத்தர் பாத்துட்டு நகர அவ்வளவு நேரமாகும்” என்றாள்.

சனிக்கிழமை முழுக்க ஒழுங்காகத் திறந்தேன், நூறு எண்ணினேன். ராத்திரி வரைக்கும் பாதிக்கு மேல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தண்ணீர்தான் அதிகம். திங்கட்கிழமை காலையில் திறந்தபோது விரல் நகம் அளவுக்கு நாலைந்து துண்டு மிதந்தது. நூறு எண்ணி முடிப்பதற்குள் அதில் இரண்டு காணாமல் போயிற்று. செவ்வாய்க்கிழமை பெட்டி கடைக்குப் போய்விடும், கேம்பிங் போய்விடும், நான் மறுபடியும் கோயிலைப் பற்றி எழுதுவேன்.

மத்தியானம் அம்மா தூங்கினாள். அப்பா தொழிற்சாலையில் ஏதோ வால்வு பழுது என்று போயிருந்தார். பக்கத்து வீட்டு அங்கிள் தன் கராஜில் தனியாக ஒரு ஃப்ரீசர் வைத்திருந்தார், அதில் பெட்ரோல் பங்கில் விற்கிற அதே ஐஸ் மூட்டைகள் இருந்தன. நான் போய் ஐஸ் கேட்டேன். லெமனேட் போடுவதற்கா என்றார். யெஸ் என்றேன். இரண்டு மூட்டை கொடுத்தார். திருகைத் திறந்து பழைய தண்ணீரில் பாதியைப் புல்லில் வடித்தேன். இரண்டு மூட்டையையும் கொட்டி மூடி, அதன் மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். டெக்சஸ் வெயிலில் புல் ஈரம் ஒரு மணிநேரத்தில் காய்ந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா குளித்து, விளக்கேற்றிவிட்டுக் கொல்லைக்கு வந்தாள். அப்பா பின்னால் வந்தார்.

“மணிக்கு ஒருக்கா திறந்தியா?”

“யெஸ்.”

“நூறு எண்ணினியா?”

“யெஸ், அம்மா.”

மூடியைத் தூக்கினாள். ஐஸ் பளபளவென்று கிடந்தது. அம்மா அதில் கையை வைத்தாள். எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்து இருநூறைத் தாண்டிவிட்டேன். கை சிவந்துபோயிருந்தது.

“இருக்குதுங்க” என்றாள் அப்பாவிடம். “மூணாம் நாளும் இருக்குது.”

“இது வேற பெட்டி. அங்க இருந்தது வேற. ஒண்ணோட ஒண்ண வெச்சுப் பாக்காதே” என்றார் அப்பா.

“இருக்குதுங்க” என்றாள் மறுபடியும். கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நல்ல பொருள் அமைந்துவிட்டது, அதைத்தான் இரண்டு தடவை சொல்லிப் பார்க்கிறாள் என்று நான் நினைத்தேன். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த ரசீதை அவளே எடுத்துக் கிழித்துப் போட்டாள். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல மாமாவுக்குப் போன் போட்டாள். நானும் வழக்கம்போல சமையலறை போனை எடுத்தேன். நல்லா இருக்கியா அம்மிணி என்றார் மாமா.

“ஐஸ் நின்னிருக்கும்ணா” என்றாள் அம்மா. “நீங்க மனசு வெச்சிருந்தா நின்னிருக்கும்.”

மாமா என்னமோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் அம்மா வைத்துவிட்டாள். என் காதில் மட்டும் அவர் கொஞ்ச நேரம், அம்மிணி, அம்மிணி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு ஊரிலிருந்து போன் வந்தால் அம்மா குளித்துக்கொண்டிருப்பாள், கோயிலுக்குப் போயிருப்பாள், தூங்கிவிட்டிருப்பாள். அதைச் சொல்கிற வேலை என்னுடையது. மாமா மகள் கல்யாணப் பத்திரிகை வந்தபோது அப்பா மட்டும் போய்விட்டு வந்தார்.

நவம்பரில் கேம்பிங் போனோம். மான் எதுவும் விழவில்லை. அந்த வருஷம் நவம்பரிலும் வெயில் விடவில்லை. தயிரும் பாலும் தோசை மாவும் கொண்டுபோயிருந்த எங்கள் வெள்ளைப் பெட்டியை ஆளாளுக்குத் திறந்து மூடினார்கள். மூன்றாம் நாள் காலையில் எல்லாருக்கும் முன்னால் எழுந்து நான் போய்த் திறந்து பார்த்தேன். ஒரு துண்டு ஐஸ் இல்லை. தயிர் டப்பா தண்ணீரில் சாய்ந்து மிதந்துகொண்டிருந்தது.

மத்தியானம் அம்மா சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். “எந்திரி கண்ணு, தயிர் எடுக்கோணும்.”

நான் மூடியின் மேல் உட்கார்ந்திருந்தேன். தயிர் புளித்துவிட்டது, யாருக்கும் வேண்டாம் என்றேன். அப்பா, கழுதை, எந்திரிச்சு வழி விடு என்றார். அசையவில்லை. அவளுக்கு இந்த உட்கார்ற இடம் பிடிச்சுப்போச்சு, விடுங்க என்று அம்மா திரும்பிப் போனாள். அந்த ஆறு மாதத்தில் அவள் சிரித்த மாதிரி இருந்தது அப்போது ஒரு தடவைதான்.

மூடியைத் திறந்திருந்தால், மாமா போனில் சொன்ன மாதிரியே கரைந்துபோன தண்ணீரைத்தான் அம்மா பார்த்திருப்பாள். நானோ, எனக்கு அடியில் அது தளும்புகிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று காலைக்கூட ஆட்டாமல், சாப்பாடு முடிகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் பெட்டியைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் எண்ணம்.