மேற்கோடும் கீழ்க்கோடும் இல்லாத கடிதம்

சவுதியில் நான் வேலை செய்த வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மேடம் அலமாரியைத் திறந்து என் போனை எடுத்துத் தருவார். இலங்கையில், அப்புத்தளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சிக்னல் இருந்தால் அம்மாவிடம் பேசலாம். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் இல்லை. மற்ற ஆறு நாளும் என் வாயில் வந்ததெல்லாம் சமையலறை அரபிதான். கொண்டு வா, கழுவு, சூடு, சரி மேடம். எல்லாம் காதால் பிடித்தவை. எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

இரண்டாம் வருஷம் அந்த வீட்டின் கடைசி மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். ஆறு வயது. வீட்டுப்பாடம் என்றால் எழுந்து ஓடிவிடுவாள். ஓடாமல் இருக்க என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார் மேடம். அப்படித்தான் அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். பெரிய கறுப்பு எழுத்துகள். அவற்றுக்கு மேலும் கீழும் சிவப்பில் சின்னச் சின்ன அடையாளங்கள். மேலே சாய்ந்த கோடு போட்டால் 'த'. அதே கோட்டைக் கீழே போட்டால் 'தி'. மேலே குட்டிக் கொக்கி வைத்தால் 'து'. சின்ன வட்டம் வைத்தால் வெறும் 'த்'.

அந்த வட்டத்தைப் பார்த்ததும் விரலை அதன்மேல் வைத்தேன். நம்முடைய புள்ளியேதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் புள்ளி வைக்க மறந்து நான் வாங்கிய அடி கொஞ்சமில்லை. இவ்வளவு தூரத்தில் வந்து தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவள் வாய்விட்டுப் படிக்க, நான் மனதுக்குள் படித்தேன். துணி மடிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அந்தக் கோடுகள் கண்ணில் ஓடின. நான்கு மாதத்தில் அவள் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் வாசிப்பேன். இதை அவள் பெருமையாகப் போய் அம்மாவிடம் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. இனிமே நான் வெளிய போனா எழுதியே வைச்சிடுறேன்" என்றார் மேடம்.

அடுத்த வாரமே குளிர்சாதனப் பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அவர் கையெழுத்தில் கோடும் இல்லை, வட்டமும் இல்லை. 'சுத்தம் செய்' என்பதை எப்படியோ ஊகித்தேன். அடுத்த சொல்லை எழுத்துக்கூட்டினேன். ஹமாம். புறா, அவள் புத்தகத்தில் படத்தோடு இருந்த சொல். மொட்டைமாடியில் மேடத்தின் தம்பி வளர்த்த புறாக்கள் இருந்தன. கூட்டை எப்போதும் டிரைவர்தான் கழுவுவார். இன்றைக்கு ஏன் என்னைச் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனாலும் நானே வாசித்த முதல் சீட்டு அல்லவா? வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன். உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் எச்சத்தைச் சுரண்டினேன்.

பின்னேரம் விருந்தாளிகள் வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் எழுதியது ஹம்மாம், குளியலறை. இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். நடுவெழுத்தின் மேல் மூன்று பல் மாதிரி ஒரு குறி போட்டால் அது அழுத்தி ஒலிக்கும். வளர்ந்தவர்கள் அதையெல்லாம் போடுவதில்லை. சொல் முன்பே தெரியும் என்பதால் அவர்களுக்கு அது தேவையில்லை.

மேடம் முதலில் கத்தினார். பிறகு விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்தார். தேநீர்த் தட்டோடு நின்ற நானும் அவர்களோடு சிரித்தேன். சமையலறைக்கு வந்து தட்டைத் தேய்த்துக் கழுவினேன்.

சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சீட்டைப் பிய்த்து எடுத்து வந்து, சிவப்புப் பென்சிலால் நடுவெழுத்தின் மேல் அந்தக் குறியைப் போட்டாள். "இப்ப வாசி" என்றாள்.

"ஹம்மாம்" என்றேன்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகுமுன் அம்மாவின் சீட்டு ஒவ்வொன்றிலும் அவள் கோடு போட்டுவிட்டுத்தான் போவாள். யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் எனக்காக யாராவது செய்தது அது ஒன்றுதான்.

ஆனால் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் அவள் புத்தகத்தில் கோடுகள் குறைந்தன. அவள் வேகமாக வாசித்தாள், எனக்கு எட்டவில்லை. "நீ உன் வேலையப் பாரு, நானே படிச்சுக்குவேன்" என்றாள் ஒருநாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். அதன்பிறகு அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்கார எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

ஒப்பந்தம் முடிந்து நான் புறப்பட்ட காலையில் அவள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். விமானத்தில் கைப்பையைத் திறந்தபோது மடித்த தாள் ஒன்று இருந்தது. அவள் எழுத்து, ஒரு பக்கம் முழுக்க. கோடுகள் இல்லை. எனக்கு அவை வேண்டும் என்பதே அவளுக்கு மறந்திருக்கும். நான்கைந்து சொற்கள்தான் பிடிபட்டன. நாளை. பள்ளிக்கூடம். அம்மா. நீ.

ஊருக்கு வந்தபோது அம்மா கொழும்பில் தம்பி வீட்டில், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். லயத்து அறையில் நான் மட்டும். போனில் படமெடுத்து மொழிபெயர்க்கப் பார்த்தேன். பிள்ளையின் கையெழுத்து அதற்கும் விளங்கவில்லை. கடைசியில் பதுளைக்குத் துணி வாங்கப் போன அன்று, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் அண்ணனிடம் தாளை நீட்டினேன். நானா என்றுதான் கூப்பிடுவோம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுல கோடு ஒண்டுமே இல்லையே தங்கச்சி. குர்ஆன் எண்டா ஓதிருவேன். இப்பிடி வெறும் எழுத்தா இருந்தா எனக்கும் ஏலாது."

"உங்களுக்குமா நானா?"

"எனக்கும்தான். பொறுங்க, என்ட மச்சான் ஜித்தாவுல இருக்கார். படம் எடுத்து அனுப்புவம்."

அடுத்த வாரம் போனபோது மச்சானின் குரல் பதிவு வந்திருந்தது. நானா போனை மேசையில் வைத்தார். யாரென்றே தெரியாத ஒரு மனிதர் எனக்கு அந்தக் கடிதத்தைத் தமிழில் சொன்னார். 'நாளைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது நீ போய்விடுவாய். அழக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். உன் ஊரை வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. அதை எப்படி எழுதுவது என்று எழுதி அனுப்பு.'

நான் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவ்வளவு நாளும் அவள் ஒரு பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாள். இல்லை, இரண்டே வாரத்தில் மறந்துமிருக்கலாம். எதை நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அப்புத்தளை என்று அரபியில் எழுதினேன். அவர்களுக்கு 'ப' இல்லை, 'ள' இல்லை. கிட்டத்தட்ட வருகிற எழுத்துகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலும் கீழும் கோடு வைத்தேன். படமெடுத்து மேடத்தின் எண்ணுக்கு அனுப்பினேன். ஒற்றை டிக்தான் விழுந்தது, போய்ச் சேரவில்லை. மறுநாளும் ஒன்றுதான். எண்ணை மாற்றிவிட்டார்கள் போல.

போன மாதம் நானா கேட்டார், "பதில் வந்திச்சா தங்கச்சி?"

"இன்னும் இல்லீங்க நானா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளுக்குத் துணி வெட்டத் திரும்பினார். நான் ஊருக்குப் போகப் பண்டாரவளை பஸ்ஸைப் பிடிக்க நடந்தேன்.