கால்புள்ளி அக்காவின் சமையலறை வகுப்பு

கால்புள்ளி அக்கா எங்கள் பள்ளிக்கூடத்துக்கு முதன்முதலில் வந்தது பிள்ளையைச் சேர்க்க அல்ல, ஓர் எழுத்துப் பிழையைச் சொல்ல. பள்ளியும் தேவாலயமும் ஒரே வளாகத்தில் இருந்தன. ஞாயிறு ஆராதனைக்கான பாட்டுத் தாளை எங்கள் அலுவலகத்தில்தான் அச்செடுப்போம். அந்தத் தாளைப் பென்சிலால் திருத்தி எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து நின்றார்.

“‘உம் அருளைத் தாரும்’னு இருக்கணும். ‘இருளைத் தாரும்’னு அடிச்சிருக்கீங்க. மூணு வாரமா சபை மொத்தமும் இருளைக் கேட்டுப் பாடிட்டு இருக்கு. கடவுள் சரின்னு குடுத்துட்டா என்ன பண்றது?”

தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வாங்கிப் பார்த்தால் அந்த ஒரு பிழை மட்டுமல்ல, தாள் முழுக்க விட்டுப்போன கால்புள்ளிகளையும் ஒன்று விடாமல் போட்டிருந்தார். அன்றைக்கு வைத்த பெயர்தான் அது. அவருக்கும் தெரியும். “முற்றுப்புள்ளின்னு வைக்காம விட்டீங்களே, அதுவே பெரிசு” என்பார்.

அவர் ஓர் அச்சகத்தில் பதினான்கு வருஷம் புரூஃப் பார்த்தவர். பாடப்புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாள், எல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகும். கணவர் பேக்கரியில் அடுப்பு மாஸ்டர். ராத்திரியே வேலைக்குப் போய், காலை எட்டு மணிக்கு வீடு திரும்பி, பிற்பகல் வரை தூங்குவார். ஒரே மகள். அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

குட்டிக்குத் திக்குவாய். முதலில் படித்த பள்ளியில் ஒரு நாள் அவளை எழுந்து வாசிக்கச் சொல்லி, முடிக்கும் வரை உட்காரக் கூடாது என்றார்களாம். அவள் ஒரே எழுத்தில் சிக்கிக்கொண்டு நிற்க, வகுப்பு சேர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருக்கிறது. வீட்டுக்கு வந்தவள் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. அக்கா அச்சக வேலையை விட்டுவிட்டார். பிள்ளையை நானே படிக்கவைக்கிறேன் என்று எங்களிடம் வந்தார்.

எங்கள் பள்ளியில் அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கென்று தனிப் பதிவேடு. அது என் பொறுப்பு. வருஷத் தொடக்கத்தில் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை இரவல் கொடுப்போம். புதன்கிழமைதோறும் அந்தப் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்துக்கும் பாட்டு வகுப்புக்கும் விளையாட்டுக்கும் வருவார்கள். மாதம் ஒரு முறை நோட்டுகளை எடுத்துவந்தால் நான் பார்த்துக் குறிப்பு எழுதித் தருவேன். கணக்கில் தடுமாறும் அம்மாக்களுக்குக் கணக்கு டீச்சர் சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார். நான் பொறுப்பேற்றபோது தலைமையாசிரியை ஒன்று சொன்னார்: “பெத்தவங்கதான் டீச்சர். நாம கை குடுக்கிற ஆளுங்க. துப்பறியப் போறவங்க இல்ல, ஞாபகம் வச்சுக்கோ.” அதை நான் நன்றாகவே ஞாபகம் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் அளவுக்கு மீறி.

முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. சமையலறை மேசையில் தாயும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் அப்பா தூங்குகிறார். நடுவில் ஒரு திரைச்சீலைதான். அதனால் பாடம் முழுக்க ரகசியக் குரலில். அப்போதுதான் கவனித்தேன், அந்தக் குரலில் குட்டி திக்கவே இல்லை. ஒரு பக்கம் முழுவதையும் மளமளவென்று வாசித்தாள்.

அக்கா வாசல் வரை வந்து வழியனுப்பியபோது, “பாத்தீங்களா டீச்சர்?” என்றார். “அவர் தூங்கணுமேன்னு மெதுவாப் பேசப் போய் கண்டுபிடிச்சோம். இவளுக்கு வாய் நல்லாத்தான் இருக்கு. ஊருக்குத்தான் காது பெரிசா இருக்கு.”

மூன்று வருஷம் அப்படியே ஓடியது. குட்டியின் நோட்டுகள்தான் என் கைக்கு வருவதில் மிக அழகானவை. அக்கா சாதாரண டிக் போடமாட்டார். அச்சகத்தில் போடுகிற குறிகளையே போடுவார். எழுத்தை நீக்க ஒரு சுழி, இடம் விட ஒரு கீற்று, சொல் இடம் மாறியிருந்தால் வளைந்து போகும் ஒரு கோடு. பத்து வயதில் குட்டிக்கு அதெல்லாம் அத்துப்படி.

நான்காவது வருஷம், பள்ளி திறந்த இரண்டாம் மாதம், கணக்கு நோட்டில் பின்னங்கள் வந்தன. திங்கட்கிழமை தேதியில் பத்துக் கணக்கு. வியாழக்கிழமை தேதியில் அதே பத்துக் கணக்கு. அடுத்த செவ்வாயிலும் அதே பத்து. எல்லாமே சரி. நான் கீழே சிவப்பு மையில் எழுதினேன்: “மறுபார்வை மிக நன்று.”

அந்த வரியை நான்தான் எழுதினேன். அதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் ஒரே கட்டுரை நான்கு முறை இருந்தது. புதன்கிழமை பிள்ளையை விட வந்த அக்கா, பாட்டு அறை எது என்று என்னிடம் கேட்டார். மூன்று வருஷமாக வந்துபோகும் அறை. வீட்டு வேலையும் பாடமுமாகக் களைத்திருக்கிறார் என்று நினைத்துக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அதற்கு அடுத்த மாதம்தான் எனக்கு உறைத்தது. நோட்டில் ‘பள்ளி’ என்பது ‘பல்லி’ என்று இருந்தது, யாரும் திருத்தவில்லை. மருந்துத் தாளின் பொடி எழுத்தில் பிழை பிடித்த கண், சுவரில் ஊரும் அத்தனை பெரிய பல்லியை விட்டிருந்தது. ஆனால் இரண்டு பக்கம் தள்ளித் திருத்தக் குறிகள் ஒழுங்காக இருந்தன. ரொம்ப ஒழுங்காக. உற்றுப் பார்த்தேன். சுழிகள் மெதுவாக, அழுத்தி, படம் வரைவதுபோல் போடப்பட்டிருந்தன. அவை பெரியவர் ஒருவரின் கைவேகத்தில் விழுந்தவை அல்ல.

புதன்கிழமை ஆய்வுக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கை கழுவப் போனபோது குட்டியை நிறுத்திக்கொண்டேன். நோட்டைத் திறந்து காட்டினேன். பேசப் போனாள், முதல் எழுத்திலேயே நின்றுபோனாள். நான் குனிந்து, “வீட்ல பேசுற மாதிரி பேசு” என்றேன்.

கிசுகிசுத்தாள்.

“அம்மாவுக்குத் தெரியாது டீச்சர். நேத்து நடத்துன பாடத்தையே இன்னைக்கும் நடத்துறாங்க. நான் முதல் தடவ கேக்குற மாதிரி கேட்டுக்குவேன்.”

“ஏன்டா? ‘படிச்சாச்சும்மா’ன்னு சொல்லலாம்ல?”

“ஒரு நாள் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் நோட்டையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதாங்க. அதுக்கப்புறம் சொல்லல.”

“அப்ப புதுப் பாடமெல்லாம்?”

“பெட்டியில புத்தகம் இருக்குல்ல. சாயங்காலம் நானே படிச்சுக்குவேன். திருத்துறதும் நானே.” பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். நான் எல்லாத்தையும் பாத்துக்கறேன்.”

அவளுக்குப் பதினொரு வயது.

தலைமையாசிரியையிடம் சொன்னேன். மறுநாள் பிற்பகல் இருவரும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். அப்போதுதான் தூங்கி எழுந்த மாஸ்டர், முகம் கழுவிய ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார். நாங்கள் சொல்ல ஆரம்பித்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

“டீயில ரெண்டு தடவ சர்க்கரை போடுவா. நான் கேலி பண்ணிட்டு விட்டுருவேன்” என்றார். “பகல் பூரா தூங்குறேன் டீச்சர். என் வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்கே நீங்க வந்து சொல்ல வேண்டியிருக்கு.”

அக்கா டீயோடு வந்தார். மேசையில் கிடந்த நோட்டைப் பார்த்ததும், பழக்கதோஷம், கையில் எடுத்துவிட்டார். தடுக்க எங்களுக்கு நேரமில்லை. பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். விரலால் ஒரு சுழியைத் தடவினார்.

“இது என் கை இல்லையே” என்றார்.



இன்னும் புரட்டினார். ஒரே பத்துக் கணக்கு, மூன்று தேதி. ஒரே கட்டுரை, நான்கு தேதி. இப்போது ஒரு பிழைகூட அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. நோட்டை மூடி மேசையில் நேராக வைத்துவிட்டு, மகளைத் திரும்பிப் பார்த்தார்.

“எத்தன நாளா, கண்ணு?”

குட்டி வாயைத் திறந்தாள். அந்த ஒரு எழுத்து வரவே இல்லை. உதடு துடிக்க, கழுத்து நரம்பு புடைக்க நின்றாள். அக்கா எழுந்து போய் அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். “வேணாம், சொல்ல வேணாம். அம்மா கேக்கல. அம்மா கேக்கவே இல்ல, போதுமா?” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் பெரிய பெயராக ஒன்று சொன்னார். வயதானவர்களுக்கு வருகிற மறதி நோய்தான், எப்போதாவது இப்படி இளம் வயதிலும் வந்துவிடும் என்றார். மருந்து கொஞ்சம் தள்ளிப்போடும், போனதைத் திருப்பித் தராது. அக்காவுக்கு நாற்பத்தாறு வயது.

பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று நான் சொன்னேன். தலைமையாசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. “இப்ப அந்த வகுப்பையும் எடுத்துட்டா அந்தம்மாவுக்கு என்ன மிஞ்சும்?” என்றார். எங்களில் ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டோம். தினமும் காலையில் ஒருவர் அந்தச் சமையலறை மேசைக்குப் போனோம். கணக்கும் அறிவியலும் எங்களுடையது. வாசிப்பும் எழுத்தும் அக்காவுடையது. நாங்கள் பாடம் நடத்தும்போதும் கிசுகிசுப்பாகத்தான் நடத்த வேண்டும். எங்கள் உடற்பயிற்சி டீச்சருக்கு இயற்கையிலேயே மைதானக் குரல். அவர் முதல் நாள் “குட் மார்னிங்” சொன்னதில் மாஸ்டர் படுக்கையிலிருந்து குதித்து எழுந்துவிட்டார். அக்கா அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

ஒரு வருஷமும் நான்கு மாதமும் அப்படி நடத்தினோம். பிறகு ஒரு நாள் எரியாத அடுப்பில் கேஸ் திறந்தபடி கிடந்தது. உள்ளே மாஸ்டர் தூக்கத்தில். என் முறை நாள் அது. வாசலிலேயே வாடை வந்தது. குழாயை மூடி, ஜன்னல்களைத் திறந்து, மூவரையும் வெளியே கொண்டுவந்து நிறுத்தினேன். அந்த வாரமே குட்டியைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று தலைமையாசிரியையிடம் பிடிவாதமாக நின்றது நான்தான். பகலில் அக்காவோடு விழித்திருக்க வேண்டுமென்று மாஸ்டர் பேக்கரியில் வேலை நேரத்தை மாற்றிக்கேட்டார், கிடைக்கவில்லை. கடைசியில் அடுப்பை விட்டுவிட்டு நள்ளிரவோடு முடியும் பொட்டலம் கட்டும் வேலைக்குப் போனார். அவர் போகும் நேரத்துக்கு அவருடைய தங்கை வந்து வீட்டில் படுத்துக்கொள்வார்.

குட்டி வகுப்பில் உட்கார்ந்தாள். அவள் திக்கி நின்றபோது எங்கள் பிள்ளைகளில் யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. அதற்கு நாங்கள் முன்பே சொல்லிவைத்திருந்தோம். ஆனால் அவளும் யாரிடமும் பேசவில்லை.

அக்காவின் நிலைமை அதற்குப் பிறகு மளமளவென்று இறங்கியது. காலை ஒன்பது மணிக்கு மேசையில் போய் உட்கார்ந்துகொள்வாராம். எதிர் நாற்காலியைப் பார்த்து மெதுவான குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாராம். “அந்தப் பாடம்தான் அவளப் பிடிச்சு வச்சிருந்துச்சோ என்னமோ” என்று மாஸ்டர் ஒருமுறை சொன்னார். குற்றம் சொல்லும் குரலில் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. நோய் இப்படித்தான் போகும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். எது உண்மை என்று எனக்குத் தெரியாது.

ஆறு மாதத்தில் மகளின் பெயர் போயிற்று. பிறகு மகளே போனாள். “யாரு வீட்டுப் பொண்ணு, ரொம்ப நல்லா இருக்கே” என்று அவளிடமே கேட்பார். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து, “பக்கத்து வீடுதான்” என்று சொல்வாளாம். அம்மாவைக் குழப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

குட்டி பள்ளியில் சேர்ந்த மூன்றாவது வருஷம், நிமோனியா வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, அக்கா இறந்துபோனார். எங்கள் தேவாலயத்திலிருந்துதான் அடக்கத்துக்கு எடுத்துப்போனோம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். குட்டி ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டாள். என்னிடம் வந்தபோது தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். மேற்படிப்புக்கு வேறு பள்ளி. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோது அலுவலகத்தில் நான் மட்டும் இருந்தேன். மாஸ்டர் வெளியே ஸ்கூட்டரில் காத்திருந்தார். சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றாள். பேச வந்தாள், சிக்கியது, விடவில்லை. சத்தமாகவே, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொல்லி முடித்தாள்.

“டீச்சர், நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல. இன்னும் கொஞ்ச நாள் எங்கள அப்படியே விட்டிருக்கலாம்.”

கேஸைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். பதினொரு வயதுப் பிள்ளை தூக்கும் பாரமா அது என்று கேட்டிருக்கலாம். நான் செய்தது சரிதான் என்று தலைமையாசிரியை பலமுறை சொல்லியிருக்கிறார், அதையாவது சொல்லியிருக்கலாம்.  “ஆமாம்மா” என்றேன்.

 அவள் சான்றிதழை மடிக்காமல் கோப்புக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம் கேட்டது. ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த பிள்ளைகள் சாவி கேட்டு வாசலில் நின்றார்கள். எழுந்து போய்த் திறந்துவிட்டேன்.